ஒரு தாங்கி பெற்றோலுக்கு எவ்வளவு தூரம்

சச்சிதானந்தனுக்குக் கார் என்றால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற சாமான், அவ்வளவுதான். கனடாவுக்கு வந்த காலம் தொட்டு அவர் வாங்கியதெல்லாம் சின்ன ஜப்பான் கார்கள். நிறம் வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல். மார்க்கம் நகரத்தில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை, அது முடிந்தால் அஜின்கோர்ட்டில் வீடு. அப்படிப்பட்ட மனிதர் அறுபதை நெருங்குகிற வயதில், அரை நூற்றாண்டுப் பழைய எட்டுச் சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்றின் அடியில் மல்லாந்து கிடக்கப் பழகிக்கொண்டார். அதற்குக் காரணம் அவருடைய மகன் வாகீசன்.

அந்தக் காரை வாகீசன்தான் ஒஷாவாவில் ஒரு கிழவரின் வீட்டு வளவுக்குள்ளிருந்து இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கதவுகளின் அடிப்பக்கம் துருப்பிடித்து, இருக்கைகளுக்குள் எலி குடியிருந்த நிலையில் வந்தது. இரண்டு வருடம் அதோடு மாரடித்தான். தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம் பூசி, முன்மூடியில் இரண்டு கறுப்புப் பட்டைகள் போட்டான். முதன்முதலாக அதை முடுக்கிய அன்று குசினி யன்னல் அதிர்ந்தது. "இதென்ன, வீட்டுக்குள்ள பிளேனே இறக்கிறாய்?" என்று தாய் யோகமலர் கத்த, அவன் காருக்குள் இருந்து சிரித்த சிரிப்பு சச்சிதானந்தனின் கண்ணுக்குள் அப்படியே நின்றது.

அந்தச் சிரிப்பு கனகாலம் நீடிக்கவில்லை. வாகீசனுக்கு மெல்ல மெல்ல மனம் கலங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றான். பிறகு சுவருக்குள்ளிருந்து கதைக்கிறார்கள் என்றான். வைத்தியம் பார்த்தார்கள். மருந்து எடுத்தபோது சுகமாக இருந்தான், சுகமாக இருந்ததால் மருந்தை விட்டான். இலையுதிர் காலத்து ஒரு காலையில் கார்த் திறப்பைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, மேற்கே போகிற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிற வாவா என்ற சின்ன ஊரில், ஒரு பெற்றோல் நிலையக் கமெராவில் அவன் உருவம் விழுந்திருந்தது. சாம்பல் நிற ஜக்கெற், தலையில் தொப்பி, கையில் தேநீர்க் கோப்பை. அதோடு சரி.

பொலிஸ் தேடியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. காட்டுக்குள் நாய்களை விட்டார்கள், ஹெலிகொப்ரர் பறந்தது. பனி கொட்டத் தொடங்கியதும் நிறுத்தினார்கள். வளர்ந்த ஆள், தானாக விரும்பிப் போயிருக்கவும் கூடும் என்று ஓர் அதிகாரி மிக மரியாதையாக எடுத்துச் சொன்னார்.

அடுத்த கோடையில் சச்சிதானந்தனும் யோகமலரும் தங்கள் வெள்ளைக் காரிலேயே வாவாவுக்குப் போகிற நெடுஞ்சாலைக்குப் போனார்கள். மகனின் படம் அச்சடித்த தாள்களை ஊர் ஊராக ஒட்டினார்கள். கையில் தாளோடு நிற்கிறவரைக் கண்டால் மனிதர்கள் விலகிப் போகிறார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு பெற்றோல் நிலையத்தில் அவர் அப்படி நின்றுகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் பழைய சிவப்புக் கார் ஒன்றில் வந்து இறங்கினார். லொறிச் சாரதிகள், மீன்பிடிக்க வந்தவர்கள், கடைக்குள் நின்ற பெண் எல்லோரும் அதைச் சுற்றி வந்துவிட்டார்கள். எந்த வருடத்துக் கார், என்ன எஞ்சின் என்று ஓயாத கேள்விகள். பக்கத்திலேயே தாளோடு நின்ற இவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் சொன்னார்: "நாங்கள் பிள்ளையின்ர காரில வந்திருக்கவேணும், மலர். ஆக்கள் தாங்களா கிட்ட வருவினம். வந்தா படத்தைக் காட்டலாம். அவன் எங்கயாவது நிண்டாலும் அந்தக் காரைக் கண்டா விடமாட்டான்."

"ஓம், அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்" என்றாள் யோகமலர்.

அவர் நினைத்தது போலவே நடந்தது. அடுத்த கோடையில் தோடம்பழ நிறக் கார் எங்கே நின்றாலும் ஆட்கள் கூடினார்கள். காரைப் பற்றிக் கேட்டவர்கள் படத்தையும் வாங்கிப் பார்த்தார்கள். சிலர் அதைத் தங்கள் லொறியின் முன்கண்ணாடியில் செருகிக்கொண்டு போனார்கள். ஆனால் கார் குடிக்கிற குடி தாங்க முடியவில்லை. வீட்டுக்குக் கிட்ட ஸ்காபறோவில் தாங்கியை நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டால் சட்பரிக்குப் போய்ச் சேர முதல் ஊசி அடியில் படுத்துவிடும். ஏற்றங்களில் ஊசி இறங்குவது கண்ணுக்கே தெரியும். வடக்கில் பெற்றோல் நிலையங்கள் தூரத் தூரத்தில்தான் இருக்கின்றன. பொழுதுபட்டால் பூட்டியும் விடுவார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து காட்டுக்குள் போகிற பாதைகளில், மரம் வெட்டுகிற முகாம்களும் பழைய சுரங்க ஊர்களும் கிடக்கிற இடங்களில், ஒரு சொட்டும் கிடையாது. அங்கேதான் ஒருவன் ஒளிந்து வாழ முடியும் என்று சச்சிதானந்தன் நம்பினார். அந்தப் பாதைகளின் வாசலில் நின்று ஊசியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது அவரை அரித்தது.

அஜின்கோர்ட்டில் அவர்களுக்குத் தெரிந்த கராஜ்காரர் அலெக்ஸாண்டர். மன்னார்ப் பக்கத்து ஆள், வாகீசன் காரைக் கட்டிய காலத்தில் பாகங்கள் எடுத்துக் கொடுத்தவர். சச்சிதானந்தன் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, உது பெற்றோல் மிச்சம்பிடிக்கச் செய்த காரில்லை. அந்தக் காலத்தில பெற்றோல் தண்ணி மாதிரி மலிவு. உங்கட வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போங்கோவன்."

"வெள்ளைக் காரை ஒருதரும் பாக்காயினம், அலெக்ஸ்."

அலெக்ஸாண்டர் எழும்பிக் காரடிக்குப் போனார். முன்மூடியைத் திறந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலை நடந்தது. அகலமான ரயர்களைக் கழற்றிவிட்டு ஒடுங்கிய ரயர்கள் போட்டார்கள். பழைய தீப்பொறி அமைப்பை எடுத்துவிட்டு இலத்திரனியல் அமைப்பு வைத்தார்கள். வேகமாகப் பாய்வதற்கென்று வாகீசன் பூட்டியிருந்த பின் அச்சிலுள்ள பற்சில்லுகளை மாற்றி, நெடும்பயணத்துக்குத் தோதானவற்றைப் பூட்டினார்கள். மேலதிகமாக ஒரு கியர் உள்ள கியர்பெட்டி ஒன்று எங்கிருந்தோ கிடைத்தது. அதனால் அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றியது. கடைசியாக அலெக்ஸாண்டர் சாரதிக்கு முன்னால் ஒரு சின்ன மானியைப் பொருத்தினார். காலை அழுத்தினால் அதன் ஊசி விழும், மெதுவாக மிதித்தால் ஏறி நிற்கும். "ஊசி மேல நிண்டா பெற்றோல் மிச்சம். விழுந்தா காசு எரியுது. உவ்வளவுதான் வித்தை" என்றார்.

மறு கோடையில் கார் ஒரே தாங்கியில் சட்பரியைத் தாண்டி எஸ்பனோலாவையும் கடந்தது. சச்சிதானந்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகன் போன பிறகு அவர் கைவைத்துச் செய்த வேலை ஒன்று பலித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு அவருடைய கண் மானியை விட்டு அகலவில்லை. இறக்கங்களில் பிரேக்கைத் தொடமாட்டார், அந்த வேகத்திலேயே அடுத்த ஏற்றத்தில் ஏறப் பார்ப்பார். எதிர்காற்று அடித்தால் முகம் சுருங்கும். ஒரு பெரிய லொறிக்குப் பின்னால் நெருங்கிப் போனால் காற்று தடுக்கப்படுகிறது, ஊசி நன்றாக ஏறுகிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து லொறிகளைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளத் தொடங்கினார். இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு இருந்தது. பாதையின் வலக்கரையை யோகமலர் பார்ப்பாள், இடக்கரையை அவர் பார்ப்பார். இப்போது முன்னால் தெரிந்தது லொறியின் பின்கதவு மட்டும்தான்.

"இஞ்ச பாருங்கோ," என்றாள் யோகமலர், "உந்த லொறிக்குப் பின்னாலயே போனா உங்கட பக்கத்தை ஆர் பாக்கிறது?"

"இன்னும் கொஞ்சத் தூரம்தான். ஊசி எவ்வளவு வடிவா நிக்குது பார்."

"நான் ஊசி பாக்க வரேல்லை."

அவர் லொறியை விட்டு விலகினார். அவள் கண்ணயர்ந்ததும் திரும்பவும் போய் ஒட்டிக்கொண்டார்.

அடுத்தது பாரம். கார் எவ்வளவு இலகுவோ அவ்வளவு தூரம் ஓடும். பின் பம்பரைக் கழற்றினார். குளிரூட்டியைக் கழற்றினார். வானொலியும் அதன் ஒலிபெருக்கிகளும் போயின. பயணத்துக்குச் சாமான் அடுக்க வந்த யோகமலர் வீட்டுக் கராஜ் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். பின் இருக்கை சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

"இதை ஏன் கழட்டினனீங்கள்?"

"சரியான பாரம், மலர். உள்ளுக்க முழுக்க இரும்புச் சட்டம்."

"அவன் வந்தா எங்க இருக்கிறது?"

 சச்சிதானந்தன் அதை யோசிக்கவே இல்லை. மகனைத் தேடுவதற்காக எத்தனையோ விஷயம் யோசித்தவர், அவன் கிடைத்தால் அவனை எங்கே இருத்திக்கொண்டு வருவது என்று ஒருபோதும் யோசிக்கவில்லை. அது அவருக்கே திகைப்பாக இருந்தது.

"திரும்பப் பூட்டிவிடுறன்" என்றார்.

"வேண்டாம். நானும் பாரம்தானே. நான் வராட்டி இன்னும் தூரம் ஓடும்." அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார். கடையில் என்ன வாங்கவேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் காருக்குள் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அவள் ஒரு பயணத்துக்கும் வரவில்லை.

அவர் தனியே போனார். இருக்கையைத் திரும்பப் பூட்டவுமில்லை.

மகள் நிலாணி பிக்கரிங்கில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சச்சிதானந்தன் சோற்றைப் பிசைந்தபடி மருமகனுக்கு மானியைப் பற்றியும், ரயருக்கு எவ்வளவு காற்று அடித்தால் இலகுவாக உருளும் என்பதைப் பற்றியும் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரே தாங்கியில் இப்போது ப்ளைன்ட் ரிவர் வரை போகிறது என்று சொன்னபோது அவருடைய குரலில் பெருமை இருந்தது. நிலாணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நீங்கள் அண்ணான்ர பேரைச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் தெரியுமே?"

 யோகமலர் மகளின் கையை மெல்லத் தொட்டாள். சச்சிதானந்தன் சாப்பாட்டை முடித்தார், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தார், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் வெளியே காருக்குள் இருந்தார். மகள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். மகனின் பேரைச் சொன்னால் அடுத்ததாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. காரைப் பற்றியென்றால் எப்போதும் சொல்ல ஏதாவது இருந்தது.

அந்த வசந்தத்தில் அவர் அலெக்ஸாண்டரிடம் கடைசியாக ஒன்று கேட்டார். காபரேற்றருக்குள் பெற்றோல் வருகிற துளைகளை இன்னும் சிறிதாக்க வேண்டும்.

"ஏலாது, அண்ணை. இப்பவே அளவாத்தான் வருது. இதுக்குமேல குறைச்சா காத்துக் கூடிப்போகும், எஞ்சின் உள்ளுக்க கொதிக்கும். ஏத்தத்தில டிங் டிங் எண்டு தட்டுற சத்தம் கேட்டா விளங்கிக்கொள்ளுங்கோ, பிஸ்டன் அழியுது."

"கொஞ்சம் குறைச்சாப் பிழையே?"

"நான் செய்யமாட்டன். வாகீசன்ர கார், என்ர கையால அழியக்கூடாது."

சச்சிதானந்தன் வீட்டுக்கு வந்து தானே செய்தார். சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டுகளை வரவழைத்து, இணையத்தில் பார்த்துப் பார்த்து மாற்றினார். அஜின்கோர்ட் தெருக்களில் ஓட்டிப் பார்த்தார். மானி முன்னெப்போதும் இல்லாத இடத்தில் நின்றது. ஒரு தட்டல் சத்தமும் கேட்கவில்லை. அங்கே ஏற்றமும் இல்லை.

கோடை நடுவில் மெலிசாவிடமிருந்து அழைப்பு வந்தது. மரதன் என்கிற ஊருக்கு அப்பால், நெடுஞ்சாலையோரம் தங்குமடமும் பெற்றோல் நிலையமும் சேர்ந்த ஒரு சின்ன இடத்தில் வேலை செய்கிற பெண் அவள். காரைப் பார்க்க ஓடி வந்து, படத்தை வாங்கிக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டியவர்களில் ஒருத்தி. நெடுஞ்சாலை திருத்துகிற பாதை வேலைக் கூட்டம் ஒன்று வந்திருக்கிறது, அவர்களோடு ஒருவன் சேர்ந்து திரிகிறான், தாடி வளர்த்திருக்கிறான், யாரோடும் பேசுகிறானில்லை, கண்கள் அந்தப் படத்தில் இருப்பவன் மாதிரி இருக்கின்றன என்றாள். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் இரண்டு தடவை சொன்னாள்.

யோகமலர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நானும் வரட்டே?" என்று இத்தனை காலத்துக்குப் பிறகு கேட்டாள். சச்சிதானந்தன் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை அவள் கண்டுவிட்டாள். "இல்லை, போட்டு வாங்கோ. அவன்தான் எண்டா உடன போன் எடுங்கோ" என்றாள். பின் இருக்கை இல்லாத காரில், மகன் கிடைத்தால் அவனுக்கு இடம் வேண்டுமே என்றுதான் தான் தயங்கியதாக அவர் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது முழு உண்மை இல்லை என்றும் அவருக்குத் தெரியும்.

விடிய வெளிக்கிட்டார். கார் அற்புதமாக ஓடியது. சட்பரியில் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. ப்ளைன்ட் ரிவரைத் தாண்டிய பிறகும் தாங்கியில் மிச்சம் இருந்தது. சூ செயின்ட் மரியில் பெற்றோல் அடித்தபோது மழை தூறியது, காரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. திரும்பப் பாதையில் ஏறிய பிறகுதான் காலையிலிருந்து தான் யாரோடும் ஒரு சொல் பேசவில்லை, ஒருவருக்கும் படத்தைக் காட்டவில்லை என்பது அவருக்கு உறைத்தது. இந்தக் காரில் வந்த முதல் வருடம் இதே தூரத்துக்குள் எத்தனை இடத்தில் நின்றார், எத்தனை கைகளில் படத்தைக் கொடுத்தார். மெலிசாவையும் அப்படி நின்றபோதுதான் கண்டார். கார் நிற்காமல் ஓடுவதற்காகத்தான் இவ்வளவும் செய்தார், அது இப்போது நிற்காமல் ஓடுகிறது. அதற்குமேல் யோசிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

வாவாவைத் தாண்டி மலைப்பாங்கான இடத்தில் செங்குத்தான ஓர் ஏற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது. டிங் டிங் என்று, தகரப் பேணிக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல. அலெக்ஸாண்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. மெதுவாகப் போகலாம், நிறுத்தி ஆறவிடலாம். ஆனால் பாதை வேலைக் கூட்டம் இன்றைக்கோ நாளைக்கோ இடம் மாறிவிடும் என்று மெலிசா சொல்லியிருந்தாள். அடுத்த இறக்கத்தில் சத்தம் நின்றது. அடுத்த ஏற்றத்தில் இன்னும் பலமாகக் கேட்டது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று காரிடம் வாய்விட்டுக் கெஞ்சினார்.

நீளமான ஏற்றம் ஒன்றின் நடுவில் எஞ்சினுக்குள் ஏதோ உடைந்தது. சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். பின்னால் நீலப் புகை பாதையை மூடியது. கார் தன் பாட்டில் வேகம் குறைந்து, கரையோரச் சரளையில் ஏறி நின்றது. இறங்கி முன்மூடியைத் திறந்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அழிந்தது உள்ளே. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. இரண்டு பக்கமும் காடு, நடுவில் பாதை. பல லொறிகள் கடந்து போன பிறகு ஒருவர் நிறுத்தி, ஊருக்குப் போனதும் இழுவை வண்டி அனுப்புவதாகச் சொன்னார். அது வந்து சேர்ந்தது மறுநாள் காலையில்.

இழுவை வண்டியிலேயே மெலிசாவின் இடத்துக்குப் போய் இறங்கியபோது அவள் கடைக்கு வெளியே வந்து நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. பாதை வேலைக் கூட்டம் முதல்நாள் பின்னேரமே சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த ஆள் அவர்களோடு போகவில்லை. தனியே, தோளில் பையோடு, வடக்கே போகிற பாதையில் நடந்து போனானாம். இங்கே ஓர் ஆள் உன்னைப் பார்க்க வருகிறார் என்று அவள் முதலே அவனிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று கேட்டாள். 

அவள் அவனுக்குத் தெரியாமல் தன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். கடையின் மூலையில் ஒருவன் குனிந்து பை ஒன்றைக் கட்டுகிறான். பாதி முகம், தாடி, வெயில் பட்டுக் கறுத்த கழுத்து. சச்சிதானந்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். காது வாகீசனுடையது மாதிரி இருந்தது. தோள் அவனுடையது இல்லை. திரும்பப் பார்த்தபோது தோள் அவனுடையதாகவும் காது யாரோ ஒருவருடையதாகவும் தெரிந்தன. பெற்ற பிள்ளை. அவனா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. தங்குமடத்து மர வாங்கில் உட்கார்ந்து அவர் அழுதார். மெலிசா பக்கத்தில் இருந்து அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வடக்கே போகிற பாதையில் பொலிஸ் ஒரு தடவை போய்வந்தது. மெலிசாவும் தன் வண்டியில் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பாதை சரளையாகி, பிறகு சேறாகி, பிறகு மரங்களுக்குள் முடிந்தது.

அவர் பஸ்ஸில் ரொறொன்ரோ திரும்பினார். நிலாணி வந்து ஏற்றிக்கொண்டு போனாள். வீட்டில் யோகமலர் அவருக்குச் சாப்பாடு போட்டு, அவர் சாப்பிட்டு முடியும் வரை பார்த்திருந்துவிட்டுக் கையை நீட்டினாள். மெலிசா அனுப்பிய படத்தைத் திறந்து தொலைபேசியை அவளுடைய கையில் கொடுத்தார்.

அவள் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. கனநேரம் பார்த்தாள். பிறகு, "இது எங்கட பிள்ளை இல்லை" என்றாள்.

"வடிவாத் தெரியுமே, மலர்?"

"ஓம். இனிப் போகவேண்டாம்."

தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். தெரிந்துதான் சொன்னாளா, அவரை நிறுத்துவதற்காகச் சொன்னாளா என்று அவர் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அதைத் தாங்கிக்கொண்டு அந்த வீட்டில் இருக்க அவரால் முடியாது.

கார் இழுவைக்காரரின் வளவிலேயே கிடந்தது. போய் எடுத்து வந்து எஞ்சினைத் திருத்தித் தருகிறேன் என்று அலெக்ஸாண்டர் சொன்னார். "அது கிடக்கட்டும், விடும்" என்றார் சச்சிதானந்தன். பாகம் பாகமாக விற்கட்டுமா என்று இழுவைக்காரர் கேட்டபோது அதற்கும் சரி என்றார்.

அடுத்த கோடையில் அவர் லீவு எடுக்கவில்லை. பண்டகசாலையில் மற்றவர்கள் லீவில் நின்ற நாட்களையும் சேர்த்து வேலை செய்தார்.